நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பது."

பராசரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நொடிமுள் சரியாக ஒரு சுற்று முடித்திருந்தது. பம்ப் அறையின் சிமென்ட் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, பம்பின் வயிற்றுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றித் திருமண்ணில் பாதி தரைக்குப் போய்விட்டது. அடுத்த சொட்டு திரண்டது, கொஞ்சம் யோசித்தது, விழுந்தது.

"எவ்வளவுங்க சாமி?" என்று மேலேயிருந்து கேட்டான் காளியப்பன். பம்ப் ஓட்டுகிறவன். ஹனூர்ப் பக்கத்து ஆள்.

"நாற்பது."

"அதானே பார்த்தேன்!" காளியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கூடவும் இல்ல, கொறையவும் இல்லீங்க."

"மெள்ளப் பேசு. யார் காதிலயாவது விழப்போறது."

"நல்ல விசயந்தானுங்களே சாமி, எதுக்குங்க மெள்ள?"

பராசரன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். கிண்டல் செய்கிறானா? இல்லை. அந்த முகத்தில் கிண்டலுக்கு இடமே கிடையாது. பாவம், ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வேஷ்டியைத் தட்டினான்.

அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து டைரக்டர் வருகிறார். அவர் வருவதே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத பம்ப் ஒன்றைக் கண்ணால் பார்க்கத்தான். சிந்தாது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தவன் பராசரன்.

பராசரனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் எதிரே வந்து நிற்பான். அவன் அந்த வாரம் செய்ததையெல்லாம் 'நான் செய்தேன்' என்று எழுத இத்தனை வருஷம் கழித்தும் கூச்சமாக இருக்கிறது. அதனால் 'அவன்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். படிக்கிறவர்கள் பெரிய மனது பண்ணவேண்டும்.

சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பட்டுக்குச் சாயம் போடும் அந்த மைசூர் ஆலையில் பராசரனுக்கு 'ஆக்டிங் இன்ஜினியர்' என்று பெயர். தேசத்துக்குச் சுதந்திரம் வந்ததே தவிர, அவனுக்கு அந்த 'ஆக்டிங்'கிலிருந்து விடுதலை வரவில்லை. புது பம்ப் சொட்டாமல் ஓடினால் ஆக்டிங் போகும். சொட்டினால் பராசரனே போகவேண்டும்: கொள்ளேகாலத்தில் ஆலைக்குச் சொந்தமான கூட்டுப்புழுக் கொட்டகைக்கு, மேஸ்திரியாக. மானேஜர் நரசிம்மமூர்த்தி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாமியார் செலுவம்பாவோ, மாப்பிள்ளை இன்ஜினியர் என்று மேல்கோட்டை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். 'ஆக்டிங்' என்ற வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பழைய பம்ப் இருந்தவரைக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. மோட்டாரோடு சேர்ந்து சுற்றுகிற ஷாஃப்ட் என்ற எஃகுத் தண்டு பம்புக்குள் நுழைகிற இடத்தில் ஓட்டை இருந்தே ஆகவேண்டும். ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வரும். அதை அடைக்க, கொழுப்பு தடவிய கயிற்றை ஷாஃப்டைச் சுற்றித் திணித்து, மேலே ஒரு மூடியைப் போட்டு இறுக்குவார்கள். கிளாண்டு கயிறு என்று பெயர். அதற்காக ஒரேயடியாக இறுக்கிவிடவும் கூடாது. கயிறு கருகாமல் இருக்கத் தண்ணீர் கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

காளியப்பன் வேலைக்கு வந்த புதிதில் தரை ஈரமாகிறதே என்று நல்லெண்ணத்தோடு அந்த மூடியை இறுக்கிவிட்டான். மத்தியானத்துக்குள் கயிறு கருகி, ஷாஃப்ட் நீலம் பாரித்து, அறையெல்லாம் புகை. பராசரன் அன்றைக்குக் கத்திய கத்தல் மண்டி மொஹல்லா கடைத்தெரு வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

"நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு! சொட்டு நின்னா பம்ப் போச்சு, உன் வேலை போச்சு, என் வேலையும் போச்சு!"

மறுநாள் அதையே கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பலகையில் தன் கையாலேயே எழுதி மாட்டினான். காளியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தினம் காலையில் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் ஸ்விட்சைப் போடுவான்.

அந்த நாற்பது சொட்டும் சேர்ந்து சேர்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டு கோடௌனில் ஈரம் ஏறிவிட்டது. அதனால்தான் சீமையிலிருந்து புது பம்ப் வந்தது. அதில் கயிறு கிடையாது. மெக்கானிக்கல் சீல்.

அது வந்ததிலிருந்து பராசரன் வாய் மூடவில்லை. எங்கள் மேல்கோட்டை மண்டயத்து ஐயங்கார் கூட்டத்துக்கே அது ஒரு வியாதி. ஒரு விஷயம் புரிந்துவிட்டால் போதும், எதிரில் இருக்கிறவரை உட்காரவைத்து விளக்காமல் விடமாட்டோம். மானேஜருக்கு விளக்கினான். கணக்குப்பிள்ளைக்கு விளக்கினான். பாதி சவரத்தில் நாவிதனை நிறுத்தி விளக்கினான். மேல்கோட்டை பஸ் கண்டக்டருக்கு இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் விளக்கினான். வீட்டில் மாமியாருக்கு விளக்கியது இப்படி:

"ரெண்டு வளையம் அம்மா. ஒண்ணு கார்பன், ஒண்ணு எஃகு. ஒண்ணு ஷாஃப்டோட சேர்ந்து சுத்தும். இன்னொண்ணு இருந்த இடத்தை விட்டு அசையாது. ரெண்டும் முகத்தோட முகம் ஒட்டிண்டிருக்கும். பின்னாலேர்ந்து ஒரு ஸ்ப்ரிங் தள்ளிண்டே இருக்கும். முகம் ரெண்டும் அவ்வளவு சமம், நடுவில சொட்டு நுழையாது."

"ஒண்ணோடொண்ணு உரசினா சூடேறாதோ?" என்றார் செலுவம்பா.

"நல்ல கேள்வி! நடுவில தலைமயிரைவிட மெல்லிசா ஈரம் இருக்கும். அந்த ஈரம்தான் காப்பாத்தறது. ஈரம் உண்டு, சொட்டு கிடையாது. மாமியாரும் மாப்பிள்ளையும்னு வெச்சுக்கோங்கோ. ஒருத்தர் அசையமாட்டா, ஒருத்தர் சுத்திண்டே இருப்பா. நடுவில கொஞ்சம் ஈரம் இருந்தாப் போறும்."

"ஏன்னா, அந்த ஸ்ப்ரிங் யாரு?" என்று சமையலறையிலிருந்து மனைவி பங்கஜவல்லியின் குரல் வந்தது. "நான்தானே?"

மைசூரில் இதைக் கேட்காதவர்கள் இனி பாக்கியில்லை என்று பராசரன் திருப்திப்பட்டுக்கொண்டான்.

பம்ப் ஓட ஆரம்பித்த முதல் இரண்டு நாளும் தரை காய்ந்த அப்பளம் போல இருந்தது. அந்த ஜோரில்தான் டைரக்டருக்கு எழுதினான்: 'ஒரு சொட்டும் இல்லை. இனி என்றும் இராது.' அதே சமயம் காளியப்பன் மட்டும் சோறு இறங்காதவன் போல வளையவந்தான். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"சாமி, கோவிச்சுக்கக் கூடாது. மாதேஸ்வரன் பேரச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணி வெச்சுக்கறனுங்க. புது மெசினுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. உங்களுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது."

மாதேஸ்வரன் என்றால் சிவன். பராசரனுடைய வம்சமோ, தூரத்தில் சிவன் கோயில் கோபுரம் தெரிந்தால் பஸ்ஸில் ஜன்னல் மாறி உட்காருகிற வம்சம். இங்கிலீஷ் படிப்பு மற்றதையெல்லாம் மாற்றியது, அதை மாற்றவில்லை.

"வெச்சுக்கோ. என் கண்ணில படாம வெச்சுக்கோ."

பம்புக்குப் பின்னால், சீலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் விரல் தடிமன் செம்புக் குழாய் மேலே ஏறுகிற மூலையில், காளியப்பன் சொம்பைக் கட்டித் தொங்கவிட்டான். மூன்று பட்டை விபூதி, மஞ்சள் துணி, செவ்வந்திச் சரம். அதற்கப்புறம் பராசரன் அந்த மூலைப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

வருகிறேன் என்று டைரக்டரிடமிருந்து பதில் வந்தது திங்கட்கிழமை. அந்தச் சந்தோஷத்தில் பம்பைத் தட்டிக்கொடுக்கக் குனிந்தபோதுதான் சொட்டைப் பார்த்தான்.

*

முதல் வைத்தியம் செவ்வாய்க்கிழமை: ஸ்ப்ரிங்கை இறுக்குவது. தள்ளுகிற ஸ்ப்ரிங் இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினால் முகங்கள் இன்னும் நெருங்கும், சொட்டு நிற்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. இங்கிலீஷ் சிறு புத்தகத்தில் 'இப்படிச் செய்யாதே' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்த பக்கத்தை அவன் அப்புறம்தான் படித்தான்.

பிரித்து இறுக்கிப் பூட்டி ஸ்விட்சைப் போட்டான். பம்ப் சுற்றுவதற்குப் பதிலாக முனகியது. மோட்டார் சூடேறியது. பட்டென்று ஃப்யூஸ் போய், மேல்தொட்டி காலியாகி, ஆலை முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டது. ஸ்ப்ரிங்கைப் பழையபடி தளர்த்தி, ஃப்யூஸ் போட்டு, பம்ப் மறுபடி ஓடுவதற்குள் மணி நாலு. கீழே பார்த்தான். தரை உலர்ந்திருந்தது!

அந்த ஆனந்தம் மானேஜர் அறை வாசல்வரை நிலைத்தது.

"ஏன்ரீ பராசரன்," என்றார் நரசிம்மமூர்த்தி, "கல்யாணப் பட்டு அரக்குச் சாயத்தில பாதி முங்கினப்போ தண்ணி நின்னு போச்சு. முப்பது புடவை, கொப்பரையிலேயே ரோஸ் ஆயிடுத்து. எந்தப் பொண்ணுரீ ரோஸ் கலர்ல தாலி கட்டிப்பா?"

"பம்பை நல்லாத் தயார் பண்ணினேன் சார். சனிக்கிழமைக்காக."

"தயார் ஆச்சா?"

"ஒரு சொட்டு கிடையாது சார்."

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் குப்புறப் படுத்து எண்ணினான். நாற்பது.

"நேத்து மெசின அவ்வளவு ரோதனை பண்ணியும் பாருங்க சாமி, சொட்டு மட்டும் தப்பல," என்று காளியப்பன் பூரித்தான்.

பராசரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மூளை மட்டும் ஓயவில்லை. காலையில் சொட்டுகிறது, மாலையில் நிற்கிறது. ஏன்? மைசூர்க் காலைக் குளிரில் எஃகு சுருங்குகிறது. வெயில் ஏறினால் விரிந்து இடைவெளியை மூடுகிறது. அடடா! இதை நாலு பக்கத்தில் இங்கிலீஷில் எழுதி, இரண்டு படமும் போட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படங்கள் மட்டும் நன்றாக இருக்கும்.

இனி செய்யவேண்டியது சுலபம். டைரக்டரைக் காலையில் வரவிடாமல், மாலையில் வரவைக்கவேண்டும். மானேஜரிடம் ஓடினான்.

"சார், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு டைரக்டர் வரார்னு சொன்னேளே. ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலம். புது மிஷினைப் பாக்கற வேளை. சாயங்காலமா வெச்சுண்டா..."

நரசிம்மமூர்த்தி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

"நல்லவேளை சொன்னீங்கரீ! எனக்குத் தோணவே இல்லை பாருங்க. சாயங்காலம் அவருக்கு ரயில். ஏழரைக்கே வரச் சொல்லித் தந்தி அடிச்சுடறேன்."

ஏழரை மணிக்குத்தான் அந்தச் சொட்டு, சுதி சேர்த்த மாதிரி, சரியாக விழும்.

*

அன்று சாயங்காலம் ஆலை நின்றதும் சீலைக் கழற்றினான். செம்புக் குழாயையும் கழற்றவேண்டியிருந்தது. மாதேஸ்வரன் மூலையைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டே கையால் தடவித் தடவிக் கழற்றியதில் ஸ்பேனர் இரண்டு தடவை விரலைப் பதம் பார்த்தது. கார்பன் வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வளையத்தின் முகம் சமமாக இல்லை என்றால் தேய்த்துச் சமமாக்கலாம் என்று புத்தகம் சொன்னது. அதற்கு மேடுபள்ளமே இல்லாத கண்ணாடிப் பலகை வேண்டும், மகா மெல்லிசான பொடி வேண்டும். இரண்டும் பெங்களூரில் கிடைக்கும். சனிக்கிழமைக்குள் கிடைக்காது.

கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. மாமியார் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பெல்ஜியம் கண்ணாடி. பொடி? பூஜை அலமாரியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மேல்கோட்டைத் திருமண்! வெள்ளை வெளேரென்று, விரலில் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி. தலைமுறை தலைமுறையாக நெற்றியில் இட்டுக்கொண்டோமே, இதன் பெருமை ஒருத்தருக்காவது தெரிந்ததா!

கண்ணாடியைக் கூடத்தில் படுக்கவைத்து, திருமண்ணைக் குழைத்துப் பூசி, வளையத்தை எட்டு வடிவில் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். இரண்டு மணி நேரம். திருமண் பெட்டி காலியாயிற்று.

கோயிலுக்குப் போயிருந்த செலுவம்பா திரும்பிவந்து கண்ணாடியைப் பார்த்தார். நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரே மூட்டம்.

"மாப்பிள்ளை, இதில என் முகம் எங்கே?"

"சீலுக்குப் போயிடுத்து அம்மா," என்று பங்கஜவல்லி உள்ளேயிருந்து சொன்னாள்.

"பெருமாள் சாத்திக்கற திருமண்ணை மிஷினுக்கா பூசினேள்?"

"மிஷினும் திவ்யமா ஓடணும் இல்லையா அம்மா," என்றான் பராசரன்.

செலுவம்பா அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை. மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் நடுவில் இருந்த ஈரம் அன்றைக்குச் சுத்தமாக வற்றியது.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக வளையத்தைப் பூட்டிவிட்டு ஆபீஸில் கையெழுத்துப் போடப் போனான். எட்டு மணிக்குத் திரும்பிவந்து, இஷ்ட தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு குப்புறப் படுத்தான்.

நாற்பது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே தரையில் கிடந்தான். கொள்ளேகாலம் கண்முன்னால் வந்தது. கூட்டுப்புழு வெந்நீரில் வேகிற நாற்றம் மூக்குக்கே வந்துவிட்டது. பக்கத்தில் காளியப்பன் வந்து குந்தினான்.

"சாமி, ஒரு நாலு நாள் லீவு வேணுங்க. மாதேஸ்வரன் மலைக்குப் போயி முடி எறக்கிட்டு வந்தர்றேன்."

"எதுக்கு?"

"உங்களுக்காகத்தானுங்க. ஒரு வாரமா மொகம் செத்துக் கெடக்குது. என்ன கொறைன்னு எனக்குத் தெரியல. சொட்டும் சரியாத்தான் விழுகுது..."

பராசரனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. தனக்காக மொட்டை போட்டுக்கொள்ள இந்த உலகத்தில் ஒருவன் இருக்கிறான்! கூடவே இன்னொன்றும் தோன்றியது. டைரக்டர் எதிரில் இவன் நின்றுகொண்டு, "சரியா நாப்பதுங்க சாமி" என்று பெருமையாகக் கத்தினால்? இவன் மலையில் இருப்பதே எல்லாருக்கும் நல்லது.

"போயிட்டு வா. இங்கே பம்பைப் பாத்துக்க பாய்லர்லேர்ந்து கரியப்பனை வரச்சொல்றேன்."

"அவனுக்கு இந்தச் சொட்டு விசயமெல்லாம் தெரியாதுங்களே."

"சொட்டை நான் பாத்துக்கறேன் காளியப்பா. அது என் பொறுப்பு."

"நீங்களே பாத்துக்கறீங்களா?" காளியப்பன் கும்பிட்டான். கண்ணில் தண்ணீர். "அப்பக் கவலையில்லீங்க."

மத்தியானம் கொள்ளேகாலம் பஸ்ஸில் போய்விட்டான்.

*

சாயங்காலம் மறுபடி வளையத்தோடு வீட்டுக்கு வந்த பராசரன், கூடத்தில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பங்கஜவல்லி அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, ஹைஸ்கூலில் படித்ததை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏன்னா, இதில முகத்தை விரலால தொடப்படாதுன்னு போட்டிருக்கே. தூசி படப்படாது, வேற எதுமேலயும் வைக்கப்படாது, சுத்தமான துணியால மட்டும் துடைக்கணும். நீங்கள் தொட்டேளா?"

"தொடாம எப்படி மாட்டறது?"

"இதுக்கு சீமையிலேர்ந்து புஸ்தகம் வரணுமா? இது மடின்னா! மடி வஸ்துவை எண்ணெய்க் கையால தொட்டுட்டு, சொட்டறது சொட்டறதுன்னா?"

இருபது வருஷப் படிப்பும் வேலையும் சொல்லிக்கொடுக்காததை அவள் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குளித்து, ஈரப்புடவையோடு, பக்கத்தகத்தில் கேட்டு வாங்கிய திருமண்ணில் வளையத்தை இன்னொரு சுற்று அவளே தேய்த்தாள். மடி வஸ்திரத்தால் துடைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, பட்டுத் துணியால் மூடிக் கொடுத்தாள். "வழியில யாரையும் தொட்டுடாதேங்கோ."

மண்டி மொஹல்லாவில் காலை வியாபாரம் நடக்கிற வேளை. மூட்டை தூக்குகிறவர்கள், கைவண்டி, சைக்கிள். நடுவில் பராசரன் வெள்ளிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, யார்மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனான். எதிரே வந்த பழைய சினேகிதர் ஒருவர் கைகுலுக்க வந்தார். பராசரன் துள்ளி சாக்கடைக்கு அந்தப் பக்கம் குதித்தான். மண்டியில் இரண்டு பேர் பிரசாதம் என்று நினைத்துக் கைநீட்டினார்கள்.

பூட்டினான். செம்புக் குழாயை வழக்கம்போல முகம் திருப்பிக்கொண்டே பொருத்தினான். கரியப்பன் ஸ்விட்சைப் போட்டான்.

ஒரு நிமிஷம். இரண்டு. பத்து. சொட்டு இல்லை. மாலை வரை இல்லை. ஆனால் மாலையை நம்பி அவன் ஏற்கெனவே ஏமாந்தவன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து படுத்தான். ஆறேகால், ஆறரை, ஏழு. தரை அப்பளமாகக் காய்ந்து கிடந்தது! தரைக்கு ஒரு முத்தம் கொடுத்தான். கரியப்பன் பார்த்துவிட்டு, பெரிய மனிதர்கள் காரியம் என்று தானும் தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

ஏழரைக்கு டைரக்டர் வந்தார். குனிந்து, தம்முடைய வெள்ளைக் கைக்குட்டையைப் பம்பின் அடியில் ஒற்றி எடுத்தார். விரித்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

"பேஷ்!" என்றார்.

பராசரன் விளக்க ஆரம்பித்தான். வளையம், ஸ்ப்ரிங், முகம், ஈரம், மேல்கோட்டைத் திருமண், மடி. இருபது நிமிஷம். கேட்கக் கேட்க டைரக்டருக்கு உற்சாகம் ஏறியது.

"சீமைக்காரன் கொடுத்ததை அப்படியே மாட்டற ஆள் இல்லை நீர். நம்ம மண்ணை வெச்சே சரி பண்ணியிருக்கீர்! நம்ம எல்லா ஆலைக்கும் இந்த முறையை எழுதி அனுப்பும். நூறு கட்டி திருமண்ணுக்கும் ஆர்டர் போடும்." மூலையில் இருந்த மாதேஸ்வரன் சொம்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பராசரன் அப்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போகும்போது டைரக்டர் மானேஜரிடம், "இவர் பெயருக்கு முன்னால அந்த ஆக்டிங் எதுக்கு? எடுத்துடும்," என்றார்.

அன்றைக்கு மாமியார் அவனோடு பேசினார். புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாக அவனும் ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, 'மெக்கானிக்கல் சீல்: மைசூர் முறை' என்று பதினோரு பக்கம் எழுதினான். தன்னடக்கமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். மூன்றாவது பக்கத்துக்கு மேல் அது முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தக் காகிதக்கட்டும் கையுமாக அவன் பம்ப் அறை வாசலில் நின்றபோது, காளியப்பன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து சேர்ந்தான்.

"சாமி, மொகம் தெளிஞ்சிருச்சுங்களே! மாதேஸ்வரன் கைவிடல."

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது காளியப்பா. நான் இப்போ முழு இன்ஜினியர்." பராசரன் பெரிய மனது பண்ணி, அவன் நீட்டிய விபூதியைக்கூடக் காகிதத்தில் வாங்கிக்கொண்டான். பதினோரு பக்கத்தின் கடைசித் தாள்தான் கையில் அகப்பட்டது.

காளியப்பன் உள்ளே போய்ப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பம்புக்கு அடியில் பார்த்தான். முகம் வெளுத்தது. மூலைக்கு ஓடினான். என்ன ஆயிற்றோ என்று பின்னாலேயே போன பராசரன், முதல் தடவையாக அந்தச் சொம்பை நிமிர்ந்து பார்த்தான். அதன் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டையிலிருந்து ஒரு பஞ்சுத் திரி தொங்கியது. திரியின் நுனி, சீலுக்குப் போகும் செம்புக் குழாயின் மேல் பதவிசாகப் படுத்திருந்தது. அங்கிருந்து குழாயோடு பம்பின் வயிறுவரை ஒரு நீர்த்தடம் இறங்கியிருந்தது.

காளியப்பன் சொம்பைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, அழமாட்டாத குறையாகத் திரும்பினான்.

"நீங்க பாத்துக்கறேன்னுதானுங்களே சொன்னீங்க சாமி? தெனம் விடியக்காலம் நான் ரொப்பி வெக்கிற சொம்பு காஞ்சு கெடக்குதே, நான் இல்லாத இத்தன நாளும் அந்த நாப்பது சொட்ட யாருங்க விட்டது?"